குடிலன் யாரிடம் பேசுகிறான்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'பழைய நாடகங்களை வகுப்பில் கற்பிப்பது எப்படி' என்று பேசச் சொன்னார்கள். எப்படி என்பதற்கு முன்னால், கற்பிக்கப் போகிறவர் அதை முதலில் எப்படி வாசிக்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பயிற்சி ஆசிரியர்களின் வகுப்புகளைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதே என் வேலையாகப் பல வருஷம் இருந்தது. செய்யுள் நன்றாக நடத்துவார்கள், உரைநடை சுமாராகப் போகும், இலக்கணத்துக்கு அட்டை செய்து கொண்டுவந்து அசத்துவார்கள். நாடகம் வந்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். அதைச் செய்யுளாக்கிப் பதம் பிரித்துப் பொருள் எழுதிப்போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள்.

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம் வட்டாரத்தில் எந்தப் பள்ளி ஆண்டு விழாவுக்கும் போய்ப் பாருங்கள். மீசை வரைந்து, அட்டைக் கிரீடம் வைத்து ஒரு பையன் கட்டபொம்மனாக வருவான். கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு இங்கேதான் இருக்கிறது, வராமல் இருப்பானா? சக்தி கிருஷ்ணசாமி எழுதிய கட்டபொம்மன் நாடகத்தை 1957இல் சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றியது. 1959இல் அது படமாயிற்று. அதில் கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் பேசும் வசனத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் சொல்லும், அப்பா அம்மாமார் கைதட்டுவார்கள். இறங்கி வந்ததும் அவனிடம், "ஜாக்சன் துரை என்னப்பா கேட்டான்?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பான். ஜாக்சனின் பேச்சு அவனுக்குத் தேவைப்படவே இல்லை. எதிராளி இல்லாமலே ஒரு சண்டையை அவன் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறான்.

அவன்மேல் குறையில்லை, நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் செய்கிறான். வசனம் ஒப்பிப்பதை நாடகம் என்று நம்பும் பழக்கம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. நாடகத்தில் வரும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காது இருக்கிறது. பேசுகிறவர் அந்தக் காதிடமிருந்து எதையோ வாங்கப் பார்க்கிறார், அல்லது அதனிடமிருந்து எதையோ மறைக்கப் பார்க்கிறார். அந்தக் காதைத் தேடிக் கண்டுபிடிப்பதே நாடகத்தை வாசிப்பது. இன்று நான் சொல்லவந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு உதாரணம்.

மனோன்மணீயத்தையே எடுத்துக்கொள்வோம். 1891இல் பெ. சுந்தரம் பிள்ளை வெளியிட்ட கவிதை நாடகம். ஐந்து அங்கம், இருபது களம். லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட ஆங்கிலக் கதைத் தொகுப்பில் உள்ள 'இரகசிய வழி' என்ற கதையிலிருந்து கரு எடுத்தது. அதன் வாழ்த்துப் பாடலின் பகுதிதான் 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தானது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் காலையில் நின்றபடி பாடுவது ஒரு நாடகத்தின் முகப்பை. உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

நமக்கு அந்த நாடகம் ஒருவகையில் உள்ளூர் விஷயம். பாண்டியன் ஜீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்குத் தலைநகரை மாற்றிக் கோட்டை கட்டுகிறான். மாற்றச் சொல்லித் தூண்டியவன் அமைச்சன் குடிலன். கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் அந்தக் 'கோட்டை'க்குப் போய்விடலாம். எழுதியவரும் திருநெல்வேலியில் ஆசிரியப் பணி பார்த்துவிட்டுத் திருவனந்தபுரம் போனவர். இதையெல்லாம் பயிற்சி ஆசிரியர்கள் 'ஆசிரியர் குறிப்பு' என்று கட்டம் போட்டு எழுதுவார்கள், அதோடு விட்டுவிடுவார்கள்.

ஒரு பயிற்சி ஆசிரியை. கரிசல்காட்டுக் கிராமம்தான் அவருக்கும். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை. படிப்பில் கெட்டிக்காரி. ஜீவகனும் குடிலனும் மந்திராலோசனை செய்யும் களத்தை அவர் நடத்த வேண்டும். மகள் மனோன்மணியைச் சேர அரசன் புருடோத்தமனுக்குக் கொடுக்கலாம் என்று சுந்தர முனிவர் சொல்லியிருக்கிறார், அரசனுக்கும் சம்மதம். குடிலனுக்கு அது பிடிக்கவில்லை. மணப்பேச்சோடு நாஞ்சில் நாட்டு வழக்கையும் கோத்துவிட்டு, தன் மகன் பலதேவனையே தூதனுப்ப வழி பண்ணுகிறான். நாடகம் முழுவதுக்கும் முடிச்சு விழுகிற இடம் அது. முதல் நாள் வகுப்பு முடிந்து என்னிடம் வந்தார்.

"சார், பதம் பிரிச்சு அர்த்தம் எழுதிப் போட்டாச்சு. குடிலன் சூழ்ச்சிக்காரன்னும் சொல்லியாச்சு. அதுக்கு மேல என்ன செய்யன்னு தெரியல."

"குடிலன் சூழ்ச்சிக்காரன்னு ராஜாவுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

"பிள்ளைகளுக்கு முதல்லயே சொல்லிட்டீங்களே."

அவர் சிரித்துவிட்டார். மறுநாள் பாடத்திட்டத்தைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். அதில் 'உயர் எண்ண வினா' இருந்தது, கற்பித்தல் துணைக்கருவி இல்லை. அந்தப் பத்தியைக் காலியாக விட்டதற்காக வழிகாட்டி ஆசிரியர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தார். கோபித்துக்கொண்டார்தான்.

வகுப்பில் நடந்தது இது. குடிலனாக ஒரு பையன் எழுந்து புத்தகத்தைப் பார்த்து வாசித்தான், பிரார்த்தனைக் கூட்டத்தில் திருக்குறள் சொல்லும் அதே குரலில். ஜீவகனாக ஒரு பெண். அரசன் போன பிறகு குடிலன் தனக்குள் பேசிக்கொள்ளும் இடம் வந்தது. பையன் அதே குரலில் தொடர்ந்தான். ஆசிரியை கேட்டார்: "ராஜா போயிட்டாரா, இன்னும் நிக்காரா?" பையன் திரும்பிப் பார்த்தான். ஜீவகனான பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "நான் எங்க போக, டீச்சர்?" "வெளிய போ. ஆனா ரொம்பத் தள்ளிப் போயிராத." அவள் வாசற்படிக்கு வெளியே போய் நின்றாள், பாவாடை விளிம்பு மட்டும் தெரிந்தது. பையன் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசித்தான். குரல் தானாக இறங்கிவிட்டது. யாரும் அவனை நடிக்கச் சொல்லவில்லை. அருஞ்சொற்பொருள் தெரியாத சொற்கள்கூட அவன் வாயில் சரியான இடத்தில் அழுத்தம் வாங்கின. கடைசி பெஞ்சில் ஒருத்தன், "ஏலே, இவன் ராஜாவக் கவுத்திருவான்டா" என்றான். குடிலனின் பண்புநலனை அதைவிடச் சுருக்கமாக நான் படித்ததில்லை.

தனிமொழி என்றால் யாரும் கேட்காத பேச்சு என்று சொல்லித்தருகிறோம். மேடையில் அப்படி ஒரு பேச்சு கிடையாது. அரசன் கேட்டுவிடுவானோ என்கிற பயத்துக்காகவாவது அது பேசப்படும். இல்லையென்றால் எதிரே உட்கார்ந்திருக்கும் நம்மைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளப் பேசப்படும். ஷேக்ஸ்பியரின் சூழ்ச்சிக்காரன் இயாகோ நம்மிடம் இரகசியம் சொல்லித்தான் நம்மைக் குற்றத்தில் பங்காளியாக்குகிறான். குடிலன் அவனுக்குத் தம்பி முறை.

இதே நாடகத்தில் நடராசன் தனியே நடந்துபோகும்போது நாங்கூழ்ப் புழுவைப் பார்த்துப் பேசும் பகுதி பல பாடநூல்களில் வந்திருக்கிறது. மண்ணை உழுது பதப்படுத்தும் புழுவின் உழைப்பைப் போற்றும் இடம். டார்வினின் மண்புழு நூல் 1881இல் வந்தது, இது 1891இல். மேலைத் துறைகளை வகைப்படுத்தி 'நூற்றொகை விளக்கம்' எழுதிய பேராசிரியரின் காதுக்கு டார்வின் எட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். நம் வகுப்புகளில் இதை 'இயற்கைப் புனைவு' என்று கடந்துவிடுவார்கள். யாரிடம் பேசுகிறான் என்று கேட்டால் பதில் தரையில் கிடக்கிறது. வாசிக்கிற பையன் குனிய வேண்டும். குனிந்து, ஒரு சின்ன உயிரிடம், மரியாதையாகப் பேச வேண்டும். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் மண்புழுவைத் தேட முடியாது, ஐப்பசி மழையில்தான் பார்க்கலாம். இதை ஆசிரியரைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். "நம்ம ஊர்ல இந்தப் பாடத்த எந்த மாசம் நடத்தணும், டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பாடத்திட்டக் குழுவினர் கவனிக்க.

சரி, இந்தக் காதைத் தேடும் வித்தையை எங்கே கற்றுக்கொள்வது? பி.எட். இரண்டாண்டானபோது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, பிரதிகளை வாசித்துச் சிந்திப்பதற்கு ஒரு தாள், கல்வியில் நாடகத்துக்கும் கலைக்கும் ஒரு தாள் என்று சேர்த்தார்கள். இருபது வாரப் பள்ளிப் பயிற்சியும் வந்தது. காகிதத்தில் குறை சொல்ல முடியாது. நடப்பில், வாசிப்புத் தாள் ஒரு பதிவேடாகிறது, நாடகத் தாள் இன்னொரு பதிவேடாகிறது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கடையில் ஸ்பைரல் பைண்டிங். நுண்ணிலைக் கற்பித்தல் 1960களில் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது, வினா கேட்கும் திறன், கரும்பலகைத் திறன் என்று தனித்தனியாகப் பழக நல்லதுதான். ஆனால் காத்திருக்கும் திறன் என்று அதில் ஒன்று இல்லை. நாடகம் நடத்த அதுதான் வேண்டும்.

அந்தத் திறனைக் கைவசம் வைத்திருந்த ஆட்கள் இந்த மாவட்டத்தவர்கள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று அவரைச் சொல்வது வெறும் பட்டம் இல்லை. 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் கம்பெனியில் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத வயதுப் பிள்ளைகளை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆறு வயதில் அங்கே சேர்ந்த டி.கே. சண்முகம், தன் நாடக வாழ்க்கை நூலில் அந்த வகுப்புகளின் கண்டிப்பையும் அன்பையும் எழுதியிருக்கிறார். 'அபிமன்யு சுந்தரி'யைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதும் சண்முகம் சொன்னதே. யார் எந்தப் பாத்திரம், எந்தப் பிள்ளைக்கு எந்தச் சுதி எட்டும் என்று தெரிந்தே எழுதியவர் சுவாமிகள். பாடநூல் எழுதுகிறவர்கள் இப்படி ஒரு வகுப்பை மனதில் வைத்து எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

அவருடைய நாடகங்கள் இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகமாகத் தென்மாவட்டத் திருவிழாக்களில் நடக்கின்றன. இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் எத்தனை பேர் விடிய விடியப் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது, உங்கள் தாத்தாமார் பார்த்திருப்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறு. சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் சந்திக்கிறார்கள். ஆளாளுக்கு அவரவர் பாடம் தெரியும். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துக்கு நாரதர் வருகிறார், வள்ளியோடு தர்க்கம். பிறகு வேடனாக முருகன் வருகிறார், மறுபடி தர்க்கம். எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார், எங்கே மடக்குவார், பாடத்தில் இல்லாத எதை நுழைப்பார் என்று தெரியாது. காதைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காத நடிகரைக் கீழே உட்கார்ந்திருக்கிற சம்சாரி கண்டுபிடித்துவிடுவார். "அவ கேட்டதுக்குப் பதில் சொல்லாம இவன் வேற எங்கயோ போறான்" என்பது ஓலைப் பாயில் உட்கார்ந்து சொல்லப்படும் நாடக விமர்சனம், நம் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு அது கைவரவில்லை.

இதற்கு நிகரான ஏற்பாடு ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டனிலும் இருந்தது. நடிகர் கையில் முழு நாடகம் கொடுக்க மாட்டார்கள். படியெடுக்கும் செலவு ஒன்று, களவுபோய்விடும் என்ற பயம் ஒன்று. அவரவர் பேச்சு மட்டும் எழுதிய சுருள் கிடைக்கும், ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால், எதிராளி முடிக்கும் சில சொற்கள் மட்டும் இருக்கும். எட்வர்ட் ஆலின் என்ற பெரிய நடிகர் வைத்திருந்த ஆர்லாண்டோ பாத்திரத்தின் சுருள் இலண்டனில் டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. எதிராளி எவ்வளவு நேரம் பேசுவான், அவன் யார் என்பதுகூட அந்தச் சுருளில் தெரியாது. அந்தச் சில சொற்களுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இதை வகுப்புக்குக் கொண்டுவரச் செலவே இல்லை. களத்தை ஜெராக்ஸ் எடுத்து வெட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பேச்சு, அதற்கு முந்தைய பேச்சின் கடைசி மூன்று சொற்கள், அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லுங்கள். முதல் தடவை கூத்தாகத்தான் இருக்கும். தன் சொல் வந்துவிட்டது தெரியாமல் ஒருத்தன் நிற்பான், வராத சொல்லுக்கு இன்னொருத்தி பதில் சொல்வாள், வகுப்பு சிரிக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்ப்பார். இரண்டாம் தடவை வகுப்பு அமைதியாகிவிடும், பிரம்பு தேவைப்படாது. வார்த்தைக்குக் காத்திருக்கிற பிள்ளைக்குச் சத்தம் போட நேரம் இருக்காது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மனோன்மணீயம் மேடைக்கென்று எழுந்ததல்ல, படிக்கிற நாடகம் என்றுதான் திறனாய்வாளர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். சில பேச்சுகள் நீளம், மிக நீளம். ஆசிரியப்பா அருவிபோல் விழுந்துகொண்டே இருக்கும், எதிரில் நிற்கிற பாத்திரம் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும். இங்கே பயிற்சி ஆசிரியர் கத்தரிக்கோல் எடுக்கலாம். நாற்பது வரியில் பதினைந்தை வகுப்பில் பேசவையுங்கள், மீதியை வீட்டில் படிக்கச் சொல்லுங்கள். சுந்தரம் பிள்ளைக்கு அவமரியாதை இல்லையா என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். சுவாமிகளை ஸ்பெஷல் நாடகக்காரர்கள் தினமும் வெட்டுகிறார்கள், அதனால்தான் அவர் நூறு வருஷமாக மேடையில் இருக்கிறார். சுந்தரம் பிள்ளை மீது கை வைக்கப் பயந்து அவரை அலமாரியில் வைத்துவிட்டோம்.

வெளிநாட்டு நாடகம் என்றால் இன்னும் தயக்கம். காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்து, தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்று, பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த சே. இராமானுஜம், யூரிப்பிடிஸின் 'ட்ரோஜன் பெண்கள்' நாடகத்தைத் தமிழில் 'வெறியாட்ட'மாகச் செய்தார். கி.மு. 415இல் ஏதென்ஸில் அரங்கேறிய நாடகம். போரில் தோற்ற ஊரின் பெண்கள் புலம்புகிறார்கள். அவர் அதை நம் ஒப்பாரியில் கொண்டுவந்து இறக்கினார். ஒப்பாரி யாரிடம் பேசப்படுகிறது? செத்தவரிடம். ஆனால் கேட்க வேண்டியது முற்றத்தில் நிற்கும் பங்காளிகள், சம்பந்திகள், சொத்துத் தகராறு பண்ணினவர்கள். ஒருவரைப் பார்த்துச் சொல்லி வேறொருவருக்குச் சுட வைப்பதைக் கரிசல் கிழவிகள் அளவுக்கு யாரும் தெரிந்துவைத்திருக்கவில்லை. கிரேக்கக் கோரஸைப் பற்றி நான்கு பக்கக் குறிப்பு எடுப்பதற்கு முன், பயிற்சி ஆசிரியர் தன் வீட்டுக் கிழவியிடம் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டு வரலாம்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். யாருக்கு எந்தப் பாத்திரம் கொடுக்கிறீர்கள்? தேசியப் பாடல்களை மேடையில் பாடி மீண்டும் மீண்டும் சிறைசென்ற விசுவநாததாஸ் சிவகாசியில் 1886இல் பிறந்தவர். முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர்விட்டார். முருகன் வேடத்தில் இருக்கிற மனிதனிடமும் சாதி பார்த்த ஊர் இது. பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துப் பிள்ளைகள் பிரிந்து நிற்பது பற்றி 2024இல் நீதிபதி சந்துரு குழு அறிக்கை தரவேண்டியிருந்தது. இந்த நிலையில் 'நல்ல உயரமாக, கலராக இருக்கிறான், இவன் ராஜா' என்று ஆசிரியர் கை நீட்டும் ஒவ்வொரு தடவையும் வகுப்புக்கு ஏதோ ஒன்று சொல்லிவிடுகிறார். நான் பார்த்த நல்ல வழி, பேச்சுக்குப் பேச்சு ஆளை மாற்றுவது. முதல் பேச்சுக்கு ஜீவகனாக இருந்தவன் மூன்றாவது பேச்சில் சேவகன். ஐந்தாவதில் ஒரு பெண்பிள்ளை குடிலன். கதை குழம்பிவிடாதா என்று கேட்பார்கள். குழம்பாது, பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சொல்லைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு வேலை. பங்குனி, சித்திரையில் உங்கள் ஊரைச் சுற்றி எங்காவது நாடகம் போடுவார்கள். சுவரொட்டியில் நடிகர்களின் படமும் ஊரும் போட்டிருக்கும். போய் ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பேசுகிறவரைப் பார்க்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். நாரதர் பாடும்போது வள்ளி என்ன செய்கிறாள், ஆர்மோனியக்காரர் எப்போது நிமிர்கிறார், பபூன் திரைக்குப் பக்கத்தில் நின்று எதற்குச் சிரிக்கிறார். குறிப்பு எடுத்தால் சரி, எடுக்காவிட்டாலும் சரி. இதற்குப் பதிவேடு வைக்கச் சொல்லிவிடாதீர்கள் என்று கல்லூரி முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

"தேர்வுக்கு இதெல்லாம் உதவுமா?" என்ற கேள்வி வரும், வரத்தான் வேண்டும். 'குடிலனின் பண்புநலன்களை விளக்குக' என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்குக் கோனார் உரையே போதும், வகுப்பு தேவையில்லை. வினாத்தாள் தயாரிக்கும் இடத்தில் இங்கே வந்திருப்பவர்கள் சிலர் உட்காரக்கூடும். அவர்களிடம் ஒரு வினாவை விட்டுச்செல்கிறேன்: 'மந்திராலோசனைக் களத்தில் குடிலன் அரசனிடம் சொல்லும் ஏதேனும் ஒரு கூற்றை எடுத்துக்கொள்க. அரசன் அப்போது வெளியே போயிருந்தால் அதையே குடிலன் எப்படிச் சொல்லியிருப்பான்? எழுதுக.' திருத்துவது கஷ்டம்தான், விடைக்குறிப்பு தயாரிக்க முடியாது. ஒவ்வொரு தாளையும் வாசித்தாக வேண்டும்.